பிரஸ் ஷாப் பாஷை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வண்டிகளுக்கான இரும்புத் தகட்டுப் பாகங்களை அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் மெர்சிக்கு வேலை. கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் காலனியில் வீடு. அவளுடைய அப்பா ஆசீர்வாதம் காலமெல்லாம் அடுத்தவர் கழனியில் வரப்பு அண்டை வெட்டி, தண்ணீர் கட்டிப் பிழைத்தவர். அந்த வீட்டிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறிய முதல் ஆள் மெர்சிதான். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலையை விடவில்லை. புருஷன் ஜெயராஜ் புதுவாயல் பக்கம் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பையன் ஜோஷ்வா பிறந்தபோது சில மாதம் வீட்டில் இருந்தாள். அவன் பால்குடி மறப்பதற்குள் மறுபடி பஸ் ஏறிவிட்டாள்.

அவள் நிற்பது பிரஸ் ஷாப்பில். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் மிஷின்கள் வரிசையாகத் தகட்டின் மேல் விழுந்து எழும். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிர்ந்து, அதிர்வு கால் வழியாக வயிற்றுக்குள் ஏறும். காதில் ரப்பர் அடைப்பானைச் செருகிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். அங்கே வாய்க்கு வேலை இல்லை. பெண்கள் கையால் பேசிக்கொள்வார்கள். ஐந்து விரலையும் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோனால் சாப்பாடு. கட்டைவிரலைச் சாய்த்தால் டீ. தோளில் இரண்டு விரல் வைத்தால் சூப்பர்வைசர் துளசிராமன் வருகிறார் என்று அர்த்தம். யாரும் யாருக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த பாஷையில்லை, வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளில் தானாகக் கைக்கு வந்துவிடும். வீட்டுச் சண்டையைக்கூட அதில் முழுசாகச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் மெர்சியின் காதுக்குள் இரைச்சல் அடங்காது. பேச அலுப்பாக இருக்கும். பக்கத்து வீட்டுச் செண்பகத்திடம்தான் பகலில் பிள்ளையை விட்டுவிட்டுப் போவாள். செண்பகத்தின் வாசலில் நின்று கையை நீட்டி அசைத்தால் ஜோஷ்வா ஓடி வருவான். விரலைக் குவித்தால் தட்டை எடுத்து வருவான். தலையில் தண்ணீர் ஊற்றுவதுபோல் செய்தால் சட்டையைக் கழற்றுவான். வேலைக்குப் போகும்போது அவள் கம்பெனியின் நீலத் தொப்பியைத் தலையில் மாட்டிக் காட்டுவாள். நாளாவட்டத்தில் அதையே அவன் அவளுக்குப் பெயராக வைத்துக்கொண்டான். அம்மா வேண்டுமென்றால் இரண்டு கையாலும் தலையில் இல்லாத தொப்பியை இழுத்துவிடுவான்.

காலையில் அவள் எழுந்து நாஷ்டா செய்து, டிபன் கட்டிக் கிளம்பும்வரை பிள்ளை அசையமாட்டான். முதலில் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டுப் பூனை மாதிரி நடந்தாள். பிறகு அதற்கும் அவசியமில்லை என்று தெரிந்தது. பாத்திரம் விழுந்தாலும் அவன் தூக்கம் கலையாது. "எம் புள்ள தங்கம், படுத்தான்னா எங்கள பேஜாரே பண்ண மாட்டான்" என்று கம்பெனி பஸ்ஸில் பெருமையாகச் சொல்வாள்.

இரண்டரை வயதாகியும் ஜோஷ்வா ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தம் போடுவான், சிரிப்பான், அழுவான், அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்குப் பெரியபாளையம் பக்கத்து ஆரணியிலிருந்து ஜெயராஜின் அக்கா வந்திருந்தாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அரை நாள் பார்த்தாள்.

"இன்னாடா ஜெயராஜு, புள்ள இன்னும் அம்மான்னு ஒரு வார்த்த சொல்லல?"

"லேட்டா பேசுவாங்க்கா. எங்க குடோன் மேஸ்திரி பையன் நாலு வயசுலதான் பேசுனானாம்."

"அவ காலைல போய்க்கினு இருட்டுற நேரத்துக்கு வர்றா. பக்கத்து ஊட்டுல உட்டுட்டுப் போனா, புள்ளையாண்ட யாரு பேசுவா? பெத்தவ பேசாம புள்ளைக்கு எங்கேர்ந்து பேச்சு வரும்?"

உள்ளே வடைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மெர்சியின் காதில் எல்லாம் விழுந்தது. நாத்தனார் குரலைத் தணித்துப் பேசவுமில்லை. ஜெயராஜ் பதில் சொல்வான் என்று மெர்சி கத்தியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகும் சத்தம்தான் வந்தது.

மறுநாள் செண்பகத்திடம் கேட்டாள். "அக்கா, பகல்ல அவனாண்ட நல்லா பேசறியா?"

செண்பகத்துக்குச் சுருக்கென்றது. "இன்னா மெர்சி இப்டி கேட்டுட்ட? காலைலேர்ந்து என் வாய் ஓயுதா? அவந்தான் நம்ம பேச்ச காதுலயே வாங்க மாட்டேங்கறான். புடிவாதக்காரன்னு நானும் உட்டுட்டேன்."

சொன்னவளுக்கும் அதன் அர்த்தம் புரியவில்லை. கேட்டவளுக்கும் புரியவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போய் வந்ததும் மெர்சி பிள்ளையை எதிரே உட்காரவைத்துக்கொண்டு தொண்டை கட்டுமளவுக்குப் பேசினாள். காக்கா, மாடு, ரயிலு, அம்மா, அப்பா. ஜோஷ்வா அவள் உதட்டையே பார்ப்பான். விரலால் தொட்டுப் பார்ப்பான். அவள் வாய் அசைவது அவனுக்கு வேடிக்கையாக இருந்திருக்கவேண்டும், விழுந்து விழுந்து சிரிப்பான். இரவு படுத்தபிறகு அவள் ஜெயராஜிடம், "மாமா, நான் வேலைய உட்டுடறேன்" என்றாள். அவன் திரும்பிப் படுத்தான்.

உண்மையைக் கண்டுபிடித்தவள் அங்கன்வாடி டீச்சர் சுமலதா. ஜோஷ்வாவை அங்கே சேர்த்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. சாதம் வடித்துக்கொண்டிருந்த ஆயாவின் கை தவறி, பெரிய அலுமினிய மூடி சிமெண்ட் தரையில் விழுந்து சுற்றியது. எல்லாப் பிள்ளைகளும் திடுக்கிட்டுத் திரும்பின. ஒன்று அழவே ஆரம்பித்துவிட்டது. மூடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஜோஷ்வா மட்டும் மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தான். டீச்சர் அதைக் கவனித்துவைத்துக்கொண்டாள். அடுத்த நாள் அவன் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தாள், கை கொட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை லீவு போட்டிருந்த மெர்சி அழைத்துப்போக வந்தபோது ஓரமாகக் கூப்பிட்டாள்.

"மெர்சி, கோச்சுக்காத. ஒன்னு சொல்றேன். புள்ளைக்குக் காது கேக்குதான்னு ஒரு தபா டாக்டராண்ட காட்டிடு."

"காதா? நான் கூப்ட்டா வர்றானே டீச்சர்."

"எப்டி கூப்டுவ?"

மெர்சி கையை நீட்டி அசைத்துக் காட்டினாள். காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

"வாயால கூப்ட்டுப் பாரும்மா" என்றாள் சுமலதா, மெதுவாக.

ஜோஷ்வா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். "ஜோஷ்வா" என்றாள். மறுபடியும் கூப்பிட்டாள். பிறகு அவள் போட்ட கத்தலில் ஆயா பயந்துபோய் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். பிள்ளை இடது செருப்பை வலது காலில் நுழைத்துப் பார்த்து, மாற்றி, மறுபடி நுழைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் மெர்சிக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தூக்கம் கலையாத காலைகள். தெருவில் பட்டாசு வெடித்தபோது அழாமல் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரயில்வே கேட்டில் ஹாரன் அடித்தபோது பயப்படாதது. எல்லாம் நல்ல பிள்ளை என்பதற்கு அடையாளமாக அவள் நாலு பேரிடம் சொன்னவை. அவள் கைதான் இத்தனை நாளும் அதை மறைத்திருக்கிறது. கையைக் காட்டியதும் ஓடி வந்தவனைக் காது கேட்காதவன் என்று யார் நினைப்பார்கள்?

திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் பெரியபாளையத்தில் பஸ் மாறிப் போனார்கள். பிள்ளையை மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, தலையில் ஒயர்களை ஒட்டி, காதுக்குள் சத்தம் விட்டுப் பார்த்தார்கள். முடிவைப் பார்த்த டாக்டரம்மா நிதானமாக எடுத்துச் சொன்னார். இரண்டு காதிலும் பிறவியிலேயே கேட்கும் சக்தி மிகக் குறைவு, கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. காது மிஷின் போட்டுப் பயிற்சி கொடுத்தால் பேச்சு வர வாய்ப்பு உண்டு.

ஜெயராஜ் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். மெர்சிதான் கேட்டாள். "இவன் வயித்துல இருக்கச்சொல்ல ஏழாம் மாசம் வரைக்கும் பிரஸ் ஷாப்புல நின்னேன் மேடம். அந்தச் சத்தத்தாலயா?"

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடி வைத்தார். "அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. இல்லவே இல்லன்னும் என்னால சொல்ல முடியாது. நிறைய பிள்ளைங்களுக்குக் காரணம் தெரியாமலே போயிடுது. அதைத் தேடிக்கிட்டு உட்கார்ந்துடாதீங்க. இவனுக்கு இப்ப நேரம் முக்கியம்."

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் ஜோஷ்வா மருந்து மயக்கத்தில் அவள் மடியில் தூங்கினான். பிள்ளையோடு பேசாததால் வந்த வினை இல்லை என்று கேட்டதில் முதலில் அவளுக்கு நெஞ்சு லேசானது. அப்படி லேசானதற்காக வெட்கப்பட்டாள். பிறகு டாக்டரம்மா சொன்ன அந்த இரண்டாவது வார்த்தை வந்து உட்கார்ந்துகொண்டது. இல்லவே இல்லன்னும் சொல்ல முடியாது. அது இன்றைக்கும் அவளோடுதான் இருக்கிறது. பஸ் ஆரணிக்குள் நுழைந்தபோது ஜெயராஜ் முதல்முறையாக வாயைத் திறந்தான். "அக்காவாண்ட நானே சொல்லிக்கறேன். நீ எதுவும் பேசவேணாம்."

சேதி கேட்டுச் செண்பகம் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். "நாள் பூரா கூடவே இருந்தேனே மெர்சி. கேக்காத புள்ளையப் போயி புடிவாதக்காரன்னேனே." மெர்சிதான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

பயிற்சி திருவள்ளூரில், பகலில். அதற்காக மெர்சி துளசிராமனிடம் போய் இரண்டாவது ஷிப்ட் கேட்டாள். மதியம் ஏறி இரவு இறங்கும் ஷிப்ட். "லேடீஸ் யாரும் இந்த ஷிப்ட்ட கேட்டு வாங்க மாட்டாங்கம்மா" என்றார் அவர். காரணம் சொன்னதும் வேறெதுவும் கேட்காமல் மாற்றிவிட்டார். காலை முழுக்கப் பிள்ளையோடு இருக்கலாம். ஆனால் சாயங்காலம் அவனுக்குச் சோறு ஊட்டுவதும், அவன் தூங்குவதைப் பார்ப்பதும் அவளுக்கு இல்லாமல் போயிற்று.

மிஷினை முதல்நாள் மாட்டியபோது ஜோஷ்வா மிரண்டுபோனான். ஃபேன் சத்தத்துக்கு அழுதான். தன் அழுகையே காதில் விழுந்ததும் இன்னும் அழுதான். பிடுங்கி எறிந்த ஒன்றைச் செண்பகம் வாசல் மணலில் மண்டிபோட்டுத் தேடி எடுத்தாள்.

பயிற்சி கொடுத்தவள் நர்மதா என்ற இளம்பெண். பொறுமைசாலி. சில நாள் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அக்கா, உங்க கை ரொம்பப் பேசுது. கையைப் பார்த்தே அவனுக்கு எல்லாம் புரிஞ்சிடுது. அப்புறம் காதை வெச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்? கொஞ்ச மாசத்துக்குக் கையைக் கட்டிப்போடுங்க."

சொன்னதில் நியாயம் இருந்தது. மெர்சி தொடைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு பிள்ளை எதிரே உட்கார்ந்தாள். "சாப்பாடு" என்றாள். ஜோஷ்வா காத்திருந்தான். "ஜோஷ்வா, சாப்பாடு." அவன் எழுந்து வந்து அவள் கையைத் தொடைக்கடியிலிருந்து இழுத்து எடுத்தான். விரல்களை ஒவ்வொன்றாகத் தானே குவித்து, தன் வாய்க்குக் கொண்டுபோனான். நர்மதாவுக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்ற மெர்சி கையை உருவிக்கொண்டாள். அவன் தலையில் தொப்பியை இழுத்துவிட்டான். மறுபடி இழுத்துவிட்டான். நாள் கணக்கில் அப்படியே நடந்தது. அம்மா, அம்மா என்று பிள்ளை கூப்பிட்டுக்கொண்டே இருக்க, அவள் கேட்காதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் அவன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து தனியாக விளையாடினான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் எழுந்து செண்பகத்தின் வீட்டுக்குப் போனான்.

அடுத்த வகுப்பில் மெர்சி நர்மதாவிடம், "அவன் பேசாங்காட்டி போறாம்மா. எங்கிட்ட வர்றதையே உட்டுட்டான்" என்றாள்.

நர்மதா பொம்மைகளைக் கூடையில் போட்டுக்கொண்டே யோசித்தாள். "இங்க இருக்கற நேரமும், வீட்ல காலையில ஒரு மணி நேரமும் காதுக்கு மட்டும் விடுங்க. மத்த நேரம் எப்படிப் பேசணுமோ அப்படிப் பேசுங்க. இதுல எது சரின்னு எங்களுக்குள்ளயே ரெண்டு பேச்சு இருக்குக்கா."

அன்று பஸ்ஸிலேயே மெர்சியின் கை பேச ஆரம்பித்துவிட்டது. மாடு, தண்ணீர் வண்டி, கோயில் கோபுரம் என்று ஜன்னலுக்கு வெளியே போவதையெல்லாம் கையால் சொல்லிக்கொண்டே வந்தாள். பிள்ளை நம்பாதவன்போல் வெகுநேரம் பார்த்தான். பெரியபாளையம் தாண்டியபிறகு மெல்ல அவள் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, தொப்பியை இழுத்துவிட்டான். "ம், அம்மாதாண்டா" என்று அவள் வாயாலும் சொன்னாள், தலையிலும் இழுத்துக் காட்டினாள்.

ஜெயராஜுக்கு இது பிடிக்கவில்லை. "தெருவுல எல்லாம் நின்னு பாக்கறாங்க மெர்சி. கைய ஆட்டிக்கினே இருந்தா அவன் எப்ப பேசறது? அவன் பேசணும். அவ்ளோதான்."

"பேசற வரைக்கும் அவங்கூட யாரு பேசறது மாமா?"

அவன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

சாயங்காலங்களில் ஜெயராஜும் பிள்ளையும் தனியாக இருந்தார்கள். அப்படி ஒருநாள், விளக்கு வைக்கிற நேரத்தில் ஜோஷ்வா வீறிட்டு அழ ஆரம்பித்தான். உடம்பு சுட்டது. தூக்கினாலும் அடங்கவில்லை. செண்பகம் வெளியூர் போயிருந்தாள். மெர்சியைக் கூப்பிடலாம் என்றால் ஷாப்புக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் இருக்கும். "இன்னாடா, எங்கடா நோவுது, சொல்லுடா நைனா" என்று ஜெயராஜ் திரும்பத் திரும்பக் கேட்டான். பிள்ளை அழுததே தவிர அப்பாவைப் பார்க்கவில்லை.

கடைசியில் அவன் தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே தன் வயிற்றைத் தொட்டு முகத்தைச் சுளித்துக் காட்டினான். தலையைத் தொட்டுக் காட்டினான். பல்லைத் தொட்டான். மெர்சி செய்ததைப் பார்த்தது நினைவில் இருந்ததோ, அந்த நேரத்துக்குத் தானாக வந்ததோ. ஜோஷ்வாவின் அழுகை குறைந்தது. அப்பாவின் கையைப் பார்த்தான். பிறகு தன் வலது காதைப் பொத்திக்கொண்டான். மிஷினைக் கழற்றிப் பார்த்தால் காதுக்குள் செருகும் ரப்பர் அச்சு உரசி உரசிப் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது. பல நாளாகவே வலித்திருக்கவேண்டும். மிஷினைக் கழற்றினால் திட்டு விழும் என்று பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறான். ஜெயராஜ் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பைக்கில் கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குப் போனான்.

மெர்சி வந்தபோது மருந்து போட்டுப் பிள்ளை தூங்கியிருந்தான். ஜெயராஜ் நடந்ததைச் சொன்னான். சொல்லி முடித்து, அவள் பக்கம் பார்க்காமல், "தலைவலிக்கு எப்டி காட்டுவ நீ? நான் இப்டி காட்டுனேன். கரெக்டா?" என்று கேட்டான்.

ஜோஷ்வாவுக்கு முதலில் வந்த சொல் "வேணா." இட்லித் தட்டைத் தள்ளிவிட்டுத் தெளிவாகச் சொன்னான். மெர்சி அவனை அதட்டாமல், இன்னொரு இட்லியை வைத்து மறுபடி சொல்லவைத்தாள். "ம்மா" வர வெகுநாள் பிடித்தது. அவன் பேச்சு வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும், செண்பகத்துக்குப் புரியும், கடைக்காரருக்குப் பாதி புரியும். ஆரணி அத்தை இப்போது வந்தால் அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாள். அன்றைக்குச் சொன்னதைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, மெர்சியும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் எது என்பதில் பேச்சு வந்தது. சென்னையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே தங்கிப் படிக்கும் பள்ளி இருக்கிறது என்று சர்ச்சில் ஒருவர் சொன்னார். ஜெயராஜ் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நல்ல இடம் என்றான். மெர்சி இரண்டு வாரம் யோசித்தாள். அவன் பாஷையில் பேச அங்கே நிறையப் பேர் இருப்பார்கள். இங்கே இரண்டு பேர்தான். ஆனாலும் ஐந்து வயதுப் பிள்ளையை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. "பெரிய கிளாஸ் வரட்டும், அப்ப அவனையே கேப்போம்" என்றாள். செய்தது சரியா என்று இன்றும் அவளுக்கு உறுதியில்லை.

ஜூன் மாதம் ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். முன் வரிசையில் உட்காரவைப்பதாகத் தலைமையாசிரியை சொன்னார். பயிற்சி குறைந்ததால் மறுபடி காலை ஷிப்டுக்கு மாறியிருந்த மெர்சி, அன்றைக்கு மட்டும் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, கம்பெனிக்குப் போகும் சுடிதாரிலேயே கொண்டுபோய் விட்டாள். வாசலில் நாற்பது ஐம்பது பிள்ளைகள் ஒரே கூச்சல், அழுகை. ஜோஷ்வா அழவில்லை. கையை உதறிக்கொண்டு உள்ளே போனான்.

அந்தச் சத்தத்தில் அவள் கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது. அவனாகத் திரும்பினால்தான் உண்டு. மெர்சி கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே திறந்திருந்த வகுப்பில், முன் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த பையன் ஜோஷ்வாவின் காதில் இருந்ததை உற்றுப் பார்த்து ஏதோ கேட்டான். ஜோஷ்வா தலையைச் சாய்த்து, மிஷினைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தான். அந்தப் பையன் அதைத் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணை அகல விரித்தான். இருவரும் சிரித்தார்கள். டீச்சர் உள்ளே வந்து வகுப்புக் கதவைச் சாத்தினாள்.

கும்மிடிப்பூண்டி போகும் ஷேர் ஆட்டோ கிளம்பப் போகிறது என்று டிரைவர் ஹாரன் அடித்தான். மெர்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.